இடது பக்கத்துப் பிரேக்

ஜன்னல் ஓரம் வேண்டாம், நீங்களே இருங்க. எனக்கு இந்த ஓரம் போதும். அந்தப் பையை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க. கால் வைக்க இடம் வேணும்.

பொள்ளாச்சிதானே? நானும்தான். சொந்தக் கார் இருக்கு. வெள்ளை வண்டி. நமக்கு முன்னாலேயே கிணத்துக்கடவு தாண்டிவிடும். நான் பஸ்ஸில் வருகிறேன். ஏன் என்று கேட்கமாட்டீங்க. பரவாயில்லை, நானே சொல்கிறேன்.

பெத்த மகள் என்னைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னாள்.

சென்னியப்பன் டிரைவிங் ஸ்கூல் தெரியுமா? போர்டாவது பார்த்திருப்பீங்க. நான்தான் சென்னியப்பன். பொள்ளாச்சியில் கார் ஓட்டுகிறவனில் பாதிப் பேர் என்னிடம் பழகினவன். மீதிப் பாதி ஓட்டத் தெரியாதவன். அத்தனை வருஷமும் நான் உட்கார்ந்தது முன்பக்கம் இடது சீட்டு. அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்தால் வண்டிக்கே பிடிக்காது.

ஸ்கூல் வண்டியில் ரெண்டு பிரேக் இருக்கும். பழகுகிறவன் காலுக்கு ஒன்று. இடது பக்கம் மாஸ்டர் காலுக்கு ஒன்று. ரெண்டையும் ஒரு கம்பி சேர்த்துப் பிடிக்கும். அவன் மிதித்தாலும் நிற்கும், நான் மிதித்தாலும் நிற்கும். அவன் மிதிக்கமாட்டான். நான்தான் மிதிக்கணும். அதற்காக எப்போதும் மிதித்துக்கொண்டே இருப்பேன் என்று நினைக்காதீங்க. தேவைப்பட்டால்தான். மற்ற நேரம் கால் சும்மா அதன் மேல் இருக்கும்.

மகள் பேர் சுகந்தி. பொம்பளைங்க பழக வந்தால் அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள். அவளுக்குத் தனி வண்டி. ஒழுங்காகத்தான் இருந்தாள். போன சித்திரையில் எங்கிருந்தோ புத்தி கெட்டது. கோயமுத்தூருக்கு இந்தப் பக்கம் ரேஸ் ஓட்டுகிற ரோடு ஒன்று இருக்கு பாருங்க. சுத்திச் சுத்தி வர்ற ரோடு. ஒரு ஊருக்கும் போகாது. கிளம்பின இடத்துக்கே வந்து சேர்வான், அதற்கு ஹெல்மெட் வேறு. ஞாயிற்றுக்கிழமையானால் யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் அங்கே விரட்டலாமாம். டிராக் டே என்று பேர். வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வாத்தியார் எடுக்கிறார்கள், போகட்டுமா என்று கேட்டாள்.

"ஸ்கூலை யாரு பார்ப்பா?" என்றேன்.

"நீங்க பாருங்க. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எனக்கு அங்க வேலை."

"இன்னிக்கு ஞாயிறும்பே. நாளைக்குத் திங்களும்பே."

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் பதில் சொல்லவில்லை என்றால் முடிவு பண்ணிவிட்டாள் என்று அர்த்தம். அவங்கம்மா புத்தி.

அந்த வேலைக்கு ஒரு பரீட்சை. ரோட்டில் ஓடுகிற சாதா வண்டியைக் கொண்டுபோகணும். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓட்டிக் காட்டணும். நடுவில் பிரேக் தீய்ந்தாலோ டயர் பிய்ந்தாலோ அவ்வளவுதான். சொந்த வண்டியையே தயார் பண்ணத் தெரியாதவள் ஊருக்கு என்ன சொல்லிக் கொடுப்பாள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு என் வண்டியைக் கேட்டாள். அவள் வண்டி டீசல், கனம். என் வண்டி லேசு. கொடுத்தேன். வேறு யாரிடமாவது போய் நின்றால் அசிங்கம்.

அங்கே ஆரம்பித்தது பாருங்க எனக்கு இந்தத் தலைவலி.

முதலில் டயர். என் வண்டி டயரில் பட்டன், அதான் அந்த வரிப்பள்ளம், அப்படியே இருந்தது. விரலை வைத்தால் நகம் முங்கும். மெக்கானிக் லாரன்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, "மாஸ்டரே, பட்டன் இருக்குது, ரப்பர் செத்துப்போச்சு" என்றான். சாவதற்கு அது என்ன ஆடா? ஓரத்தில் இருக்கிற நம்பரைத் தடவிக் காட்டினான். செய்த வருஷமாம். வருஷம் ஆனால் கெட்டுப்போகும் என்றால் நானும்தான் கெட்டுப்போயிருக்கணும். மாற்றினார்கள். நாலும் புதுசு. தொட்டால் ஒட்டுகிற ரப்பர், பலாப்பழச் சுளை மாதிரி. காத்தாவது நிறைய அடி என்றால், அதையும் குறைத்து வைத்தான். ஓட ஓடச் சூடாகித் தானே ஏறிக்கொள்ளுமாம். காத்தைக் குறைத்துவிட்டு வேகமாக ஓட்டுகிற கூட்டத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

அடுத்தது பிரேக்.

அதைச் சொன்னால் உங்களுக்கும் தலை வலிக்கும். என் வண்டிக்கு எப்போதுமே பிரேக் பேடு சரியாக அமைந்ததில்லை. ஒன்று மாட்டினால் மூணு மாசம். அதற்குள் தேய்ந்து தகடு தெரியும். அத்தனை கம்பெனியும் திருட்டுப் பயல்கள். சுகந்தி வண்டியில் அதே பேடு வருஷக்கணக்கில் வருகிறது. எப்படி? லாரன்ஸ் அவளுக்கு நல்லதாகப் பார்த்துப் போடுகிறான், எனக்கு மட்டமானதைத் தள்ளுகிறான். நேரிலேயே கேட்டிருக்கிறேன். "ரெண்டும் ஒரே டப்பாதான் மாஸ்டரே" என்பான். அப்புறம் என் காலைப் பார்ப்பான். புதுச் செருப்பு போட்டால் அவனுக்குக் கண் உறுத்தும்.

இந்தத் தடவை சூடு தாங்குகிற பேடு வாங்கினார்கள். பிரேக் ஆயிலும் மாற்றினார்கள். பழைய ஆயில் டிகாஷன் மாதிரி வந்தது. அதில் தண்ணி கோத்திருக்குமாம். சூட்டில் அது கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும், வண்டி நிற்காது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். அவன் சொல்லிக்கொண்டே செய்தான். சொல்லாமல் செய்தால் கை ஓடாது அவனுக்கு.

புது பேடைப் பழக்கணும். ஆளைப் பழக்குவது போதாதென்று பேடையும் பழக்கணும். அறுபதில் போய், அழுத்திப் பிடித்துப் பத்துக்கு இறக்கணும். நிற்கக் கூடாது. மறுபடி அறுபது. இப்படிப் பல தடவை. கடைசியில் பிரேக்கைத் தொடாமலே கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடணும். ஆறவிடாமல் விட்டால் எல்லாம் வீண்.

விடியக்காலையில் உடுமலை ரோட்டுக்குப் போனோம். சுகந்தி ஓட்டினாள். என் சீட்டில் நான். அறுபது, பத்து, அறுபது, பத்து. வயிற்றில் இருந்த காப்பி தொண்டைக்கு வந்துவிட்டது. முடிந்தது, இனி ஆறட்டும் என்று சும்மா ஓட்டினாள். எதிரே ஒரு டிராக்டர், அப்புறம் ஒரு நாய், அப்புறம் பால்காரன் ஒருத்தன். பிடிக்கவே இல்லை அவள்.

"அப்பா, கால் எங்கிருக்குது?"

"இருக்கற எடத்துல இருக்குது. ரோட்டைப் பாரு."

"வண்டி இழுக்க மாட்டேங்குது."

"புது டயரு. அந்த பலாச்சுளை ஒட்டுது."

கொஞ்ச தூரத்தில் நாற்றம். முடி கருகுகிற நாற்றம். நிறுத்தி இறங்கினால் முன் சக்கரம் ரெண்டிலும் புகை. பிரேக் தட்டு மயில் கழுத்து மாதிரி நீலம் பூத்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்திலேயே லாரன்ஸுக்குப் போன் போட்டுத் திட்டினேன்.

அவன் எல்லாவற்றையும் பிரித்தான். எங்கேயாவது சிக்குகிறதா பார்த்தான், கழுவினான், கிரீஸ் வைத்தான். குறை ஒன்றும் இல்லை என்றான். தானே தனியாக ஓட்டிக்கொண்டு போய்விட்டு வந்தான். தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். நான் ஏறினேன். போய்விட்டு வந்தோம். புகை. மறுபடி பேடு மாற்றினார்கள். சுகந்தி தனியாகப் போனாள். ஒன்றும் இல்லை. நான் ஏறினேன். புகை.

பெட்ரோல் பங்க் பையன்கூடச் சிரிக்கிறான். என்ன அவமானம் பாருங்க.

"மாஸ்டரே, உங்க எடை எவ்வளவு?" என்றான் லாரன்ஸ்.

"ஏண்டா, நான் ஏறினா வண்டி தாங்காதா? ரெட்டை நாடிக்காரனெல்லாம் எங்கிட்டப் பழகியிருக்கான்."

"இல்லீங்க, சும்மா கேட்டேன்." அவன் சுகந்தியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். திறமை இல்லாதவனுக்குப் பேச என்ன இருக்கும்? கடைசியில் நானே கடைக்குப் போய் வேறு பிரேக் ஆயில் வாங்கிவந்தேன். இதை ஊற்றுடா என்றேன். ஊற்றினான். அதற்கப்புறம் ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை. விடிந்தால் டிராக்.

பார்த்தீங்களா, இந்த டிரைவர் பிடிக்கிற லட்சணத்தை? முன்னால் லாரி சிகப்பு விளக்கைக் காட்டி எத்தனை நேரம் ஆயிற்று. இப்போதுதான் கால் வைக்கிறான். அந்தப் பையை இன்னும் கொஞ்சம்... ஆமாம். இடிக்கிறது.

எங்கே விட்டேன்? டிராக். இன்று காலையில் போனோம். வாசலிலேயே வண்டியைச் சோதிக்க ஒருத்தன். தலையில் தொப்பி, காதில் கடுக்கன். என்னை அங்கிள் என்கிறான். நான் யாருக்கு அங்கிள்? டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைக் கழற்றச் சொன்னான். பிடிக்கிற பிடியில் பறந்துவந்து மூஞ்சியில் அடிப்பாராம். கால்மிதியை எடு, ஸ்டெப்னியை எடு, மேலே ஸ்கூல் போர்டைக் கழற்று. வண்டியை மொட்டை அடித்தான். சக்கரத்து நட்டை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்தான். பிரேக் தட்டில் நீலத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"ரொம்ப சூடாகியிருக்கே மேடம். தாங்குமா?"

"தாங்கும்" என்றாள்.

பிறகு இடது பக்கம் குனிந்தான். "இது என்ன அங்கிள்?"

"பிரேக்."

"யாருக்கு?"

"எனக்கு."

சிரித்தான். அதற்குள் சுகந்தி ஸ்பானரோடு வந்துவிட்டாள். கழற்றச் சொல்லி அவன் வாயைத் திறந்தானா என்று எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பான். அவன் மூஞ்சி அப்படி. வாங்கின நாளிலிருந்து கழற்றாத போல்ட்டுங்க அது. ரெண்டு திருப்பில் கையோடு வந்துவிட்டது. நான் பராமரிக்கிற லட்சணம் அப்படி. கம்பி, பெடல் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். பத்திரமாக வைத்துக்கங்கப்பா என்றாள். ஆபரேஷனில் எடுத்ததைக் கொடுப்பது மாதிரி.

அவள் மட்டும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம். ஓட்டுகிறவளைத் தவிர வேறு ஆள் கூடாதாம்.

என் வண்டி அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. பார்க்க விரும்பினதும் இல்லை. நேர் ரோட்டில் விரட்டிக்கொண்டு வருகிறாள். முன்னால் கொண்டை ஊசி மாதிரி வளைவு. நான் இந்தப் பக்கம் நின்று, பிடி, பிடி என்கிறேன். பிடிக்கவில்லை. இப்பப் பிடி என்கிறேன். அப்போதும் இல்லை. அப்புறம் ஒரே அழுத்து. வண்டி மூக்கைத் தாழ்த்தி, ஆடாமல் அசையாமல், வேகம் இறங்கி, சொன்ன பேச்சைக் கேட்டதுபோல் வளைந்துபோனது. எல்லாச் சுற்றிலும் அதே இடம். ஒரு சாண் முன்னே இல்லை, பின்னே இல்லை. வேலி ஓரம் மண் வேறு இளக்கம். நான் நின்ற இடத்தில் வலது கால் கணுக்கால்வரை உள்ளே இறங்கிவிட்டது. ஒரு பராமரிப்பு இல்லை அங்கே.

சாயங்காலம்வரை ஓட்டினாள். இறங்கிவந்ததும் அந்தத் தொப்பிக்காரன் சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். புகை இல்லை. நாற்றம் இல்லை. டயர் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. தலையை ஆட்டினான். நான் பக்கத்தில் போய், "அந்த ஆயில் நான் வாங்கினது" என்று சொல்லிவைத்தேன். அதுதானே உண்மை? அத்தனை பேடு மாற்றியும் தீராத கோளாறு, நான் வாங்கின ஆயிலில் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. லாரன்ஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஆமாங்க மாஸ்டரே, ஆயில்தான்" என்றான். ஒத்துக்கொள்ளும்போதும் ஒரு நமட்டுச் சிரிப்பு அவனுக்கு.

வேலை கிடைத்துவிட்டது. வர்ற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள்.

சரி, என்ன வேலை என்று முழுசாகக் கேட்போம் என்று தொப்பிக்காரனிடம் கேட்டேன். சொன்னான். வருகிறவன் அவனவன் சொந்தக் காரில் ஓட்டுவானாம். வாத்தியார் அவன் பக்கத்தில், இடது சீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கணுமாம்.

"அந்த சீட்டுல பிரேக்?"

"பிரேக் ஏது அங்கிள்? அவங்க வீட்டுக் காராச்சே."

"அப்ப வாத்தியாரு எப்படி நிறுத்தறது?"

"சொல்லணும். 'பிரேக்'னு சொன்னா அவர் பிடிப்பார்."

"சொன்னா கேப்பானா?"

"கேக்கற மாதிரி சொல்லணும்."

கேட்டீங்களா? எனக்குக் காது அடைத்துக்கொண்டது. முன்பின் தெரியாத எவனோ ஒருத்தன். பணத்திமிரில் ஒரு வண்டி வாங்கியிருப்பான். அவன் பக்கத்தில் என் மகள், காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல், அந்த வளைவுக்கு அந்த வேகத்தில். வாய் ஒன்றுதான் கையிருப்பு. என்னிடம் வந்தவர்களில் எத்தனை பேர் சொன்னவுடன் பிடித்திருக்கிறான்? ஒருத்தன் சொல்லுங்க. நான் சொல்லி முடிப்பதற்குள் என் கால் போய்விடும். போனதால்தான் அவனவன் இன்றைக்குப் பிள்ளை குட்டி பெற்று இருக்கிறான்.

மஞ்சள் பையை நீட்டினேன். "இதை வச்சுக்கங்க. எந்த வண்டி வந்தாலும் மாட்டிவிடுங்க. ரெண்டு போல்ட்டுதான்" என்றேன். அவன் வாங்கவில்லை. மரியாதையாகத்தான் மறுத்தான். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கிளம்பினோம். கதவைத் திறந்தேன். என் சீட்டு. கீழே வெறும் தகரம். ரெண்டு ஓட்டை.

"மாட்டிட்டுப் போலாம், ஸ்பானர் எடு" என்றேன்.

"வேண்டாம்ப்பா. நீங்க பின்னாடி உக்காருங்க. நல்லாச் சாஞ்சு தூங்கிட்டு வாங்க."

"நானா? தூங்கறதா? நீ ஓட்டறப்பவா?"

"நான் ஓட்டறப்பத்தான்."

"முன்னாடி உக்காந்தா உனக்கென்ன?"

சாவியைச் சுற்றிக்கொண்டு நின்றாள். அப்புறம் சொன்னாள். "அப்பா, இத்தனை வருஷமா உங்க பக்கத்துல ஓட்டறேன். நான் பிடிக்கணும்னு நெனைக்கறதுக்குள்ள வண்டி நின்னுரும். நீங்க மிதிச்சதா, நான் மிதிச்சதான்னு எனக்கே தெரியாது. நான் மிதிச்சா எப்படி நிக்கும்னு இன்னிக்குத்தான் பார்த்தேன்."

என்ன பேச்சு பாருங்க. படிக்கவைத்தது குற்றம். நான் மிதிக்கிறேனாம். நான் எங்கே மிதித்தேன்? கால் மேலே இருக்கும், அவ்வளவுதான். வைக்கிறது வேறு, மிதிக்கிறது வேறு. இது தெரியாதவளை வாத்தியாராக எடுத்திருக்கிறான் அந்தக் கடுக்கன்.

"அப்பப் புகை வந்ததெல்லாம் என்னாலயா?"

"நான் அப்படிச் சொன்னனா?"

"சொல்லித்தான் பாரேன்."

பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை ஏற்றுகிற மாதிரி. நான் ஏறவில்லை. பஸ்ஸில் வருகிறேன் என்று நடந்தேன். பின்னாலேயே வந்தாள் ஸ்டாப்வரைக்கும். கெஞ்சவில்லை. கெஞ்சினால் ஏறியிருப்பேனோ என்னவோ. இந்தப் பஸ் வருகிற நேரம் பார்த்து ஒன்று கேட்டாள்.

"அப்பா, நாளைக்குக் காலையில சும்மாதானே இருப்பீங்க? நான் இடது சீட்டுல உக்காந்து பழகணும். பெடல் இல்லாம. வலது பக்கம் நீங்க ஓட்டுங்க."

"ஊருல வேற ஆளே இல்லியா?"

"இருக்காங்க. ஆனா வாயில சொன்னாக் கேக்காத ஆளு வேணும் எனக்கு."

பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். கண்டக்டரிடம் மீதிச் சில்லறையைக்கூட வாங்கவில்லை. ஆத்திரம்.

நான் வலது பக்கம் உட்கார்ந்து ரோட்டில் ஓட்டி வெகு காலம் ஆயிற்று. ஷெட்டில் ஏற்றுவேன், இறக்குவேன். அவ்வளவுதான். யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. மாஸ்டருக்கு ஓட்டத் தெரியுமா என்று எவன் கேட்பான்?

முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இந்தப் பஸ் இப்படி ஆடி ஆடிப் போகிறதல்லவா, உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஓட்டிவிட வேண்டியதுதான். உடுமலை ரோடுதான் தோது. மெதுவாகப் போவேன் என்று நினைத்திருப்பாள். மாட்டேன். முன்னால் லாரி போனால் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு போவேன். பிடிங்கப்பா என்பாள். பிடிக்கமாட்டேன். மறுபடி சொல்லட்டும். கத்தட்டும். வாய் மட்டும்தானே இருக்கு அவளுக்கு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள் என்று தெரியவேண்டாமா?

ரோட்டைக்கூட அவ்வளவாகப் பார்க்கமாட்டேன். குனிந்து இடது பக்கம் அந்த வெறும் தகரத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருவேன். அவள் கால் சும்மா இருக்கிறதா என்று.